வைத்திய மாணாக்கரும் கை அப்பியாசமும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைத்தியக் கல்வியைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையாயிற்று. அது கடல் போன்ற விஷயம். அதில் ஒரு துறையில் மாத்திரம் இறங்கிக் கால் நனைக்க உத்தரவு வேண்டுகிறேன். நம்மவர் பிள்ளைகள் பலர் எம்.பி.பி.எஸ். வகுப்பில் வாசித்து வருகின்றனர். பாடம் 4½ வருஷம். அதன்பின் ஒரு முழு வருஷம் ஆஸ்பத்திரியில் பிரிவு பிரிவாக மாறி வேலை செய்தல் வேண்டும். இதனையே ஹவுஸ் சர்ஜன் வருஷம் என்று வழங்குகிறோம். அந்த ஒரு வருஷத்தைக் குறித்தும், அதற்கு முன் வார்டுகளில் பெறும் பயிற்சியைக் குறித்துமே பேச எண்ணுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. ஹவுஸ் சர்ஜன் வருஷத்திலேயே மேற்படிப்பு நுழைவுப் பரீட்சைக்காகத் தனிப் பயிற்சி நிலையங்களிற் சேருவதற்குக் கல்வி நிதியிலிருந்து கடன் கோரிச் சில விண்ணப்பங்கள் வந்திருப்பதாகக் காரியதரிசி அவர்கள் தெரிவித்தார்கள். கொடுப்பதா மறுப்பதா என்று நிர்வாக சபையார் முடிவு செய்யுமுன் என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். தனியே எழுதியனுப்புவதினும், பெற்றோர் கூடியிருக்கும் இச்சபையிலேயே சொல்லிவிடுவது நலமென்று தோன்றிற்று.

பிணியாளனைக் கண்ணாற் பார்த்தல், கையாற் தொடுதல், விரலாற் தட்டுதல், காதாற் கேட்டல் என்னும் நான்கே வைத்தியப் பரிசோதனைக்கு ஆதாரம். சட்டி வாங்கும் பெண்மணி அதைத் தட்டிப் பார்த்து விரிசலை அறிவதில்லையா? ஆஸ்திரியா தேசத்து ஆவன்ப்ருக்கர் என்னும் வைத்தியர் மார்பை விரலாற் தட்டி, உள்ளே நீர் கோத்திருப்பதை அறியும் முறையை 1761-ல் நூலாக வெளியிட்டார். அவர் தந்தையார் சத்திரம் நடத்தியவர்; பீப்பாயைத் தட்டி மது எவ்வளவு மிஞ்சியிருக்கிறதென்று பார்க்கும் பழக்கத்திலிருந்தே இக்கருத்து அவருக்கு உதித்தது என்பர். ஸ்டெதாஸ்கோப் என்னும் கருவிக்கு மூலம், 1816-ல் பாரிஸில் லாயென்னெக் என்பவர் சுருட்டிப் பிடித்த காகிதக் குழல். இவ்விரண்டையும் புத்தகத்தில் ஒரு பக்கத்திற் படித்துவிடலாம். விரலுக்கும் காதுக்கும் அவை வந்து சேருவதற்கோ நூற்றுக்கணக்கான மார்புகள் வேண்டும்.

அம்மார்புகள் எங்கே இருக்கின்றன? ஏழைகள் நிறையும் பொது ஆஸ்பத்திரியில். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் போயர்ஹாவே என்னும் ஆசிரியர் 12 படுக்கைகளை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்த மாணாக்கருக்குப் போதித்தார். நம் சென்னையிலோ 1664-ல் கோட்டைக்குள் தோன்றிய பொது ஆஸ்பத்திரி இருந்தது. அதைச் சார்ந்து 1835-ல் வைத்தியப் பள்ளி ஆரம்பமாயிற்று. 1850-ல் அது கலாசாலை என்னும் பெயர் பெற்றது. இன்று ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை எனப் பெயர் பூண்டிருக்கும் அவ்விடத்தின் வாசலில் ஒரு காலை வேளை நின்று பாருங்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் சீட்டுப் பெற்று உள்ளே செல்கின்றனர். போயர்ஹாவே பார்த்திருந்தால் பொறாமை கொண்டிருப்பார்.

தாய்மார்கள் வந்திருப்பதால் ஒன்றைக் கூறி மேற்செல்கிறேன். 1875-ல் மேரி ஷார்லிப் என்னும் ஆங்கில மாது மற்றும் மூன்று பெண்களுடன் அக்கலாசாலையிற் சேர்ந்தார். ஆண் வைத்தியர் முகத்தில் விழிக்க மாட்டாமல் நம் நாட்டுப் பெண்கள் பிரசவ வேதனையில் மடிவதைக் கண்டே அவர் வைத்தியம் கற்கத் துணிந்தார். கோஷா ஸ்திரீகளுக்கென்று 1885-ல் அவர் முயற்சியால் ஏற்பட்ட ஆஸ்பத்திரியே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குவது.

இனி, கூட்டம் மிகுந்த ஆஸ்பத்திரி கற்பிப்பது யாது? ஓர் உதாரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். கிராமத்திலிருந்து வந்திருப்போருக்கு இது பயன்படவும் கூடும்.

நடுநிசியில் பாம்பு கடித்த ஒருவனைத் தூக்கி வருகிறார்கள். எந்தப் பாம்பு என்று ஒருவருக்கும் தெரியாது. ஹவுஸ் சர்ஜன் அவனுடைய இரத்தத்தில் 2 மில்லி லிட்டர் எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிஷம் வைத்துவிட்டுப் பின் ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறான். உறையாமல் ஓடினால் விரியனின் விஷம் இரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றப்பட வேண்டும். இப்பரிசோதனைக்கு யந்திரம் வேண்டா, மின்சாரம் வேண்டா. ஆயினும் சோப்பிட்டுக் கழுவிய குழாயை உபயோகித்தாலோ, பத்தாவது நிமிஷத்திற் பொறுமையிழந்து ஆட்டிப் பார்த்தாலோ முடிவு பிழையாகும். உறைந்துவிட்டதென்று நிம்மதி கொள்வதும் தகாது. நல்ல பாம்பின் விஷமும் கட்டுவிரியனின் விஷமும் நரம்பைத் தாக்குவன. இரத்தம் செவ்வனே உறையும், மூச்சோ நிற்கும். தரையிற் படுத்துறங்கியவன் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருகிறான். உடம்பிற் கடிவாய் காணோம். அஜீரணம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பத் தோன்றும். இத்தகையவனை முன்பு ஒருமுறை பார்த்த மாணாக்கன் மாத்திரம், "தலையை அசைக்காமல் மேலே பார், அப்பா" என்பான். இமை தூக்க முடியாமற் சரிவதைக் கண்டதும் சுவாசக் கருவியைக் கொண்டுவரச் சொல்லி ஓடுவான். புத்தகத்தில் இவையாவும் எழுதப்பட்டே இருக்கின்றன. ஆயினும் இரவு மூன்று மணிக்கு நினைவுக்கு வருவது, தான் படித்த பக்கமன்று, தான் பார்த்த முகமே.

இவ்வாறே வாத ஜுரத்தால் இருதயக் கதவம் சுருங்கியவரிடம் கேட்கும் ஓசை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கருவியின் கிண்ணத்தை மெல்ல வைத்துக் கேட்டாலன்றித் தொலைவில் வண்டி உருளுவது போன்ற அம்மெல்லொலி செவிப்படாது. இந்நோய் பெரும்பாலும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் ஏழைகளுடையது. ஆதலின் அதைக் கேட்கக் கற்கும் இடமும் அவர்கள் வரும் ஆஸ்பத்திரியே.

ஆனால், அன்பர்களே, மாணாக்கர் கை எப்பொழுதும் அமிர்தக் கையன்று. வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணாக்கர் கற்றனர். மற்றதில் மருத்துவச்சிகள் கற்றனர். மாணாக்கர் பிரிவில் பிரசவ ஜுரத்தால் இறந்தோர் மிக அதிகம். அப்பிரிவில் தம்மைச் சேர்க்க வேண்டாமென்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சுவார்களாம். ஸெம்மெல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் காரணம் தேடியலைந்தார். 1847-ல் அவருடைய நண்பர் கோலெச்கா என்பவர், பிரேத பரிசோதனையின்போது மாணாக்கன் கத்தி விரலிற் பட்டு, அதே வகையான நோய்க் குறிகளுடன் மாண்டார். அப்பொழுதே உண்மை விளங்கிற்று. பிரேதத்தை அறுத்த கையோடு மாணாக்கர் பிரசவ அறைக்கு வந்தனர். மரணத்தையும் உடன் கொண்டுவந்தனர். குளோரின் சேர்ந்த சுண்ண நீரிற் கை கழுவ வேண்டும் என்று அவர் விதித்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம் ஜூனில் நூற்றுக்கு இரண்டளவாயிற்று. இவ்வளவு தெளிவாகக் காட்டியும் பெரியோர் பலர் அவரை ஒப்பவில்லை. தம் கை அசுத்தம் என்று கேட்க எந்தப் பெரியவருக்குத்தான் பிடிக்கும்?

இதை நினைத்துப் பார்த்தால், ஆஸ்பத்திரியில், "மாணவர் என்னைத் தொட வேண்டாம்" என்று சொல்லும் பிணியாளர் மீது கோபிக்க நமக்கு நியாயமில்லை. கட்டணம் செலுத்த வகையற்றவர் தம் உடம்பையே பாடப் புத்தகமாகத் திறந்து வைக்கின்றனர். அதற்குரிய மரியாதை என்ன? மாணாக்கன் தன் பெயரைச் சொல்லி, தான் கற்பவன் என்பதை மறைக்காமல், அனுமதி கேட்டே தொட வேண்டும். மறுத்தால் சிகிச்சையில் அணுவும் குறையக் கூடாது. பெண்களைப் பரிசோதிக்கையில் திரையும் பெண் துணையும் வேண்டும். பிரசவ வேதனையில் இருப்பவளை ஒருவர் பின் ஒருவராகப் பலர் பரிசோதிப்பது கற்பித்தலன்று, கொடுமை. ஊசி குத்துதல், தையலிடுதல் முதலியவற்றை முதலில் பொம்மை உருவங்களிற் பழகிவிட்டு வரும்படி 2019-ல் அமலான புதிய பாடத்திட்டம் ஏற்பாடு செய்திருக்கிறது. அது மெச்சத் தக்கது. ஆனால் பொம்மைக்கு வலியில்லை, பயமில்லை, வாசலில் அழுதுகொண்டு நிற்கும் மனைவியில்லை. பொம்மையோடு படிப்பு முடியாது.

கலாசாலைகளைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பளிங்குத் தரையையும் விடுதிச் சாப்பாட்டையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். ஒரு சாதாரண நாளில், முன்னறிவிப்பின்றி, வெளிநோயாளர் பகுதிக்குச் சென்று பெஞ்சில் அரை மணி நேரம் உட்காருங்கள். சோதனை நாளில் மாத்திரம் படுக்கைகளில் ஆள் நிரப்பும் கலாசாலைகளைக் குறித்துப் பத்திரிகைகளிற் பன்முறை செய்தி வந்திருக்கிறது. மாதம் எத்தனை பிரசவம், மாணாக்கன் இரவுப் பணியில் நிற்கிறானா என்று கேளுங்கள்.

இப்பொழுது கடன் விஷயம். விண்ணப்பித்த பிள்ளைகளை யான் குறை கூறேன். மேற்படிப்பு இடங்கள் குறைவு, போட்டி கடுமை, நுழைவுப் பரீட்சையோ நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பது. இமை சரிவதைக் கண்டறிந்ததற்கு அதில் மதிப்பெண் இல்லை. ஆதலால் வார்டில் கையெழுத்திட்டுவிட்டு நூல் நிலையத்துக்கு ஓடுகின்றனர். பெற்றோரும், "இரத்தம் எடுக்கவும் டிரெஸ்ஸிங் கட்டவுமா உன்னைப் படிக்க வைத்தோம்? போய்ப் படி" என்கின்றனர். இரத்தம் எடுப்பது ஏவல் வேலையாகவே வருஷம் முழுதும் நீடித்தால் அதுவும் முறையன்று. அதை ஆசிரியர்கள் சீர்செய்ய வேண்டும். எனினும் மேற்படிப்புப் பரீட்சையை அடுத்த வருஷமும் எழுதலாம். மேற்பார்வை செய்ய மூத்தோர் பக்கத்தில் நிற்க, கை நடுங்கினாலும் தாங்கிக்கொள்ள ஆளிருக்க, பிணியாளரைத் தொட்டுக் கற்கும் அந்த வருஷம் திரும்பி வாராது. மறுவருஷமே அப்பிள்ளை ஏதேனும் ஓர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியே நிற்கக்கூடும். அங்கே தூக்கி வரப்படுபவர் நம் உறவினராகவும் இருக்கலாம்.

ஆதலின் நிர்வாக சபையாருக்கு என் யோசனை இது. கடனை மறுக்க வேண்டாம். ஹவுஸ் சர்ஜன் வருஷம் முடிந்ததற்கான சான்றிதழைக் கண்டபின் பயிற்சிக் கட்டணத்தைக் கொடுங்கள். அதுவரை, வெளியூர்ப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு அருகில் தங்கி இரவுப் பணி பார்க்க வாடகைக்கும் உணவுக்கும் உதவுங்கள். விண்ணப்பங்கள் எத்தனை, நிதியில் இருப்பு எவ்வளவு என்பதைக் காரியதரிசி அவர்கள் அடுத்த கூட்டத்தில் சபை முன் வைப்பாராக.