மரத்தரைக்கு முன்னே அடித்தரை



நாம் பால் வெட்டும் ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் சாய்க்கப்படுகிறது. முன்னாளில் விறகாய் எரிந்த அம்மரம் இன்று பலகையாகி வீட்டுத் தரைகளை அணிசெய்கிறது. லயத்தை விட்டுச் சொந்த வீடு கண்ட நம் குடும்பங்களும் கூடத்திற்கு மரத்தரை போட விரும்புகின்றன. நல்ல விருப்பந்தான். ஆனால், பலகையின் விலையை நாலு கடையில் விசாரிக்கும் நாம், அது படுக்கப்போகும் அடித்தரையை ஒருமுறை குனிந்து பார்ப்பதில்லை.

நம் நாட்டு வீடுகளில் அடித்தரை பெரும்பாலும் சிமிந்தியே. மேலே காய்ந்து தோன்றினாலும் அது உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். மண்ணின் ஈரமும் அதன் வழியே மேலேறும். அவ்வீரத்தை உறிஞ்சிய பலகைகள் விரிந்து, ஒன்றையொன்று நெருக்கி, ஓரம் உயர்ந்து எழும்பிவிடும். ரப்பர் பலகையைப் பூஞ்சணமும் வண்டும் எளிதில் பற்றும். அதற்காக ஏற்றப்படும் போரான் மருந்தோ நீரில் கரையக்கூடியது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இப்படித்தான் தரையோடு போகிறது.

ஈரத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். மறுநாள் பாருங்கள்: தாளின் அடியில் நீர் அரும்பியிருந்தாலும், சிமிந்தி கறுத்திருந்தாலும் பலகை போடலாகாது. குளியலறைச் சுவரோரத்திலும் சமையற்கட்டிலும் இதையே செய்து பார்க்க வேண்டும். புதுச் சிமிந்தி ஓர் அங்குலக் கனத்திற்கு ஒரு மாதம் உலரவேண்டும் என்பது பொதுக் கணக்கு. 4 அங்குலத் தரைக்கு 4 மாதம். மழைக்காலமாயின் இன்னும் கூடும். குத்தகையாளர் அவசரப்படுத்துவார், பணம் அவருடையதன்று.

அடுத்தது மட்டம். பத்தடி நேர்க்கோலை வைத்துப் பார்க்கையில் மேடுபள்ளம் 5 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது. மேட்டைத் தேய்த்து, பள்ளத்தைச் சமன்செய்யும் கலவையால் நிரப்புங்கள், அக்கலவையும் காயவேண்டும். பழைய பலகைத் தரையாயின், கிரீச்சிடும் பலகைகளைத் திருகாணியால் இறுக்குங்கள். கறையான் அரித்தவற்றை மாற்றுங்கள். மண்கோடு தென்பட்டால் முதலில் கறையான் மருந்து, பிறகே மற்றவை.

தூசியைக் கூட்டியெடுத்தபின், சிமிந்தியின்மேல் கனமான பிளாஸ்டிக் தாளை மடிப்புக்கு மடிப்பு அரையடி ஏறும்படி விரித்து ஒட்டுவது நலம். பலகைக் கட்டுகளைச் சில நாள் அவ்வறையிலேயே பிரித்து வையுங்கள். சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விடுமாறு தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விளிம்புச் சட்டம் அதை மறைத்துவிடும்.