கட்டிட வரியும் தீயணைப்பு வண்டியும்: உயிர்ப் பாதுகாப்புக்குப் பொறுப்பு யார்?

(மறையூரில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கட்டிட வரி குறித்து நம்மிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. வரி உயர்வு எதுவாயினும் எதிர்த்தே தீரவேண்டும் என்பது ஒன்று. அஞ்சுநாட்டுக்கென்று தீயணைப்பு நிலையமும் கூடுதல் காவலர்களும் கிடைக்குமானால், கட்டிட வரியோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கட்டிவிடலாமே என்பது மற்றொன்று. இரண்டாவது கருத்து நல்லெண்ணத்தில் எழுவது. கோடையில் மலைச்சரிவில் புல் பற்றி எரிவதைக் கண்டவர்கள், மூணாறிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் மலைப்பாதையில் வண்டி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியவர்கள், அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. எனினும் இந்த இரண்டு கருத்துகளுமே நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

வரி ஏன் உயர்கிறது?

கேரளத்தில் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, வாடகை மதிப்பை விட்டுவிட்டுத் தரைப்பரப்பை அடிப்படையாகக் கொண்டு கட்டிட வரி கணக்கிடப்படுகிறது. 2023 ஏப்ரல் முதல் இந்த வரி ஆண்டுதோறும் 5 விழுக்காடு உயர்கிறது. அதே வேளையில், 60 சதுர மீட்டர் வரையுள்ள சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. இந்த விலக்கு உழைப்பாளி மக்களுக்குச் சாதகமானது. அதை நாம் காக்க வேண்டும்.

ஆனால் மாநிலங்களும் உள்ளாட்சிகளும் சொந்த வரியைத் தேடி அலையும் நிலை தானாக வந்ததல்ல. 10ஆவது நிதிக்குழுக் காலத்தில் 3.875 விழுக்காடாக இருந்த கேரளத்தின் வரிப் பங்கு, 15ஆவது நிதிக்குழுக் காலத்தில் 1.925 விழுக்காடாகச் சுருங்கியது. செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் ஒன்றிய அரசு திரட்டும் தொகை மாநிலங்களுடன் பகிரப்படுவதில்லை. 2020 மே மாதத்தில், பெருந்தொற்றின் நடுவே, மாநிலங்களின் கடன் வரம்பை உயர்த்தியபோதும் ஒன்றிய அரசு நிபந்தனைகளை விதித்தது. நகரங்களில் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். மேலே பங்கு வெட்டப்படுகிறது. கீழே வீட்டு வாசலில் வரி வசூலிக்கச் சொல்லப்படுகிறது. நவீன தாராளமயத்தின் நிதிக்கொள்கை நம் ஊரில் காட்டும் முகம் இதுவே.

ஆபத்து அதிகம், வரித்தளம் குறைவு

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறை மாநிலத்தின் பொறுப்பு. நகராட்சிகளுக்கான 12ஆவது அட்டவணையில் தீயணைப்பு இடம்பெறுகிறது. ஊராட்சிகளுக்கான 11ஆவது அட்டவணையின் 29 இனங்களில் அது இல்லை. மும்பையில் தீயணைப்புப் படையை மாநகராட்சியே நடத்துகிறது. 1888ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் அதற்கெனச் சொத்து வரியில் ஒரு பகுதியைச் சேர்த்தது. வானளாவிய கட்டிடங்கள் நிறைந்த பெருநகரத்தால் அது முடியும்.

மறையூரால் முடியுமா? இங்கே வரி கட்டத்தக்க பெரிய கட்டிடங்கள் எத்தனை? மலைக்குடிகளிலும் லயங்களிலும் சிறு வீடுகளிலும் வாழும் மக்களே பெரும்பான்மையினர். ஒரு தீயணைப்பு நிலையமோ இரவும் பகலும் ஆள், வண்டி, எரிபொருள், பயிற்சி அனைத்தையும் கோருவது. உள்ளூர் வரியில்தான் அது இயங்க வேண்டும் என்று விதித்தால், ஆபத்து மிகுந்த மலைப்பகுதிக்குக் குறைந்த பாதுகாப்பும், வசதி படைத்த நகரத்துக்கு நிறைந்த பாதுகாப்பும் என்றாகிவிடும்.

பெட்டிமுடியை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவில் தேயிலைத் தோட்ட லயங்கள் புதையுண்டு 70 உயிர்கள் பறிபோயின. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டிருந்ததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. நம்மை மூணாறுடன் இணைக்கும் சாலையிலுள்ள பெரியவரைத் தற்காலிகப் பாலமும் வெள்ளத்தில் சேதமுற்றிருந்ததால் மீட்புப் படையினர் வந்து சேர்வதே போராட்டமாயிற்று. அந்த லயங்களின் கட்டிட வரியைக் கணக்கிட்டுத்தான் அங்கே மீட்பு வண்டி நிறுத்த வேண்டுமென்றால், ஒருபோதும் எந்த வண்டியும் நிறுத்தப்பட்டிருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் இயற்கையான சந்தனக் காடு உள்ள இடம் மறையூர். சந்தன ஏலத்தின் வருவாய் மாநிலக் கருவூலத்துக்குச் செல்கிறது. அது சரியே, காடு எல்லா மக்களுக்கும் உரியது. அப்படியானால், அந்தக் காட்டின் ஓரத்தில் வாழும் மக்களின் பாதுகாப்பும் பொதுக் கருவூலத்திலிருந்தே வரவேண்டும். செல்வம் பொதுவுக்கு, செலவு உள்ளூருக்கு என்ற கணக்கை நாம் ஏற்க முடியாது.

அமெரிக்காவின் பாடம்

காவலையும் தீயணைப்பையும் உள்ளூர்ச் சொத்து வரியோடு முடிச்சுப் போட்ட நாடு அமெரிக்கா. ஒஹையோ போன்ற மாநிலங்களில் இதற்கான வரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்கெடுப்பு நடத்திப் புதுப்பிக்கிறார்கள். வாக்கெடுப்பு தோற்றால் ஆட்குறைப்பு அச்சம் வந்துவிடும். இந்தத் தருக்கத்தின் இறுதி எல்லையை 2010இல் டென்னசி மாநிலம் காட்டியது. சவுத் ஃபுல்டன் நகரத்துக்கு வெளியே ஒரு வீடு தீப்பற்றியது. ஆண்டுக் கட்டணமான 75 டாலரை வீட்டுக்காரர் கட்டியிருக்கவில்லை. அங்கேயே பணம் தருவதாக அவர் சொல்லியும் தீயணைப்பு வீரர்கள் அந்த வீட்டை எரிய விட்டனர். கட்டணம் செலுத்திய பக்கத்துக்காரரின் இடத்தை மட்டும் காத்தனர்.

காவல்துறை விஷயத்திலும் இதே கதைதான். மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரம் அபராத வசூலைப் பெரிதும் நம்பியிருந்தது. அந்நகரக் காவல்துறை மக்களின் பாதுகாப்பைவிட வருவாயிலேயே குறியாக இருந்தது என்றும், அதன் சுமை கறுப்பின மக்கள் மீது விழுந்தது என்றும் 2015இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

நம் நாட்டின் அனுபவமும் வேறல்ல. 1861ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கலவரப் பகுதி என்று அறிவித்த இடத்தில் கூடுதல் காவலரை நிறுத்தி, அந்தச் செலவை அந்த ஊர் மக்களிடமே வசூலிக்க வழிசெய்தது. வங்காளத்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராமக் காவலருக்கென சௌகிதாரி வரி விதிக்கப்பட்டது. கொடுத்தவர்கள் குடியானவர்கள், காவல் கிடைத்ததோ ஜமீன்தாருக்கும் வெள்ளையருக்கும். 1930இல் பீகார், வங்காள விவசாயிகள் அந்த வரியைக் கட்ட மறுத்ததும் விடுதலைப் போரின் ஓர் அத்தியாயமே.

நூலக வரி வேறு

நூலகத்துக்கென்று கட்டிட வரியோடு செஸ் வசூலிப்பதை நாம் ஏற்கிறோமே, தீயணைப்புக்கு ஏன் கூடாது என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேரளத்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டிட வரியில் ஒரு ரூபாய்க்கு ஐந்து பைசா நூலக செஸ் வசூலாகிறது. ஆனால் அது மாநில நூலக கவுன்சிலின் பொதுநிதியாகத் திரண்டு எல்லா ஊர்களுக்கும் பங்கிடப்படுகிறது. வரி குறைவாகத் தரும் ஊருக்கு நூலகம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வசதிக்கேற்பக் கொடு, தேவைக்கேற்பப் பெறு என்ற அந்த நெறிக்கு நாம் எதிரிகள் அல்லர். ஊருக்கு ஊர் வேலி போட்டுப் பிரிக்கும் வரியைத்தான் எதிர்க்கிறோம்.

நமது கடமைகள்

முதலாவதாக, மறையூருக்குத் தனித் தீயணைப்பு நிலையம், அதுவரை கோடைக்காலத் துணை நிலையம் என்ற கோரிக்கையைக் கிராமசபைகளில் தீர்மானமாக்க வேண்டும். தீயணைப்புப் பணிகளை விரிவுபடுத்த 2023இல் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களில் மலைப்பகுதிகளுக்கு முன்னுரிமை கோர வேண்டும்.

இரண்டாவதாக, 60 சதுர மீட்டர் விலக்குக்குத் தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் அதைப் பெற்றிருக்கிறதா என்று ஒவ்வொரு கிளையும் தன் வார்டில் வீடு வீடாகச் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, சுற்றுலா வளர்ந்துவரும் மறையூர், காந்தளூர் பகுதிகளில், குடியிருப்பு என்று பதிவாகி விடுதியாக இயங்கும் கட்டிடங்கள் முறையாக மறுமதிப்பீடு செய்யப்பட வேண்டும். ஏழையின் ஓட்டுவீட்டை அளக்கும் அளவுநாடா சொகுசு விடுதியின் வாசலில் நின்றுவிடக் கூடாது.

நான்காவதாக, லயங்களின் பாதுகாப்பு தோட்ட முதலாளியின் பொறுப்பு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டுவசதியை அவர்களின் கடமையாக்கியது. அதைத் தொகுப்புச் சட்டத்தில் கரைத்துவிட்டதைக் காரணம் காட்டி அவர்கள் நழுவ அனுமதிக்கக் கூடாது.

ஐந்தாவதாக, கேரளத்தில் தீயணைப்பு நிலையங்களுடன் இணைந்து குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்கள் பயிற்சி பெறுகிறார்கள். நம் இளைஞர்கள் அதில் சேர வேண்டும். அரசை வலியுறுத்துவதும் அண்டை வீட்டின் தீயை அணைக்க ஓடுவதும் கம்யூனிஸ்டுகளுக்கு முரணானவை அல்ல.

தோழர்களே, வரியே வேண்டாம் என்பது வசதி படைத்தோரின் முழக்கம். இருப்பவரிடம் வாங்கு, எல்லோரையும் காப்பாற்று என்பதே நம் முழக்கம். இதை வீட்டு வாசல்தோறும் விளக்கிச் சொல்லும் பணியை இந்த வாரமே தொடங்குவோம்.