தொண்ணூற்றொரு முறை விழுந்த ஆட்சி

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழா என்று அழைத்தீர்கள், வந்திருக்கிறேன். மேடை இருக்கிறது, மாலை இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. எதிரியை நாலு வார்த்தை ஏச வேண்டும், கையொலி பெற வேண்டும், கடைசி இரயிலைப் பிடிக்க வேண்டும்—இதுதானே வழக்கம்! இன்று அந்த வழக்கத்தை மீறப் போகிறேன். ஏச வரவில்லை, ஏடு படிப்பது எப்படி என்று பேச வந்திருக்கிறேன்.

"ஏடு படிக்க எங்களுக்கா தெரியாது?" என்று முன்வரிசையிலே ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. தெரியும் தோழரே! படிக்கத் தெரியும், படித்ததை அப்படியே நம்பவும் தெரியும். நம்பு முன்பு நிறுத்துப் பார்க்கிறோமா? சந்தையிலே கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிச் சொத்தை பார்க்கிறோம். செய்தியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கூடையிலே போட்டுக்கொள்கிறோம்!

நடந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன்.

1917 மார்ச்சில் ரஷ்ய நாட்டு ஜார் மன்னன் முடியிழந்தான். அதே ஆண்டு நவம்பரில் போல்ஷ்விக்குகள் ஆட்சியைக் கைப்பற்றினர். கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலே அந்தச் செய்திகளை நாள்தோறும் வழங்கிய ஏடுகளிலே ஒன்று 'நியூயார்க் டைம்ஸ்'. சந்து முனையிலே அச்சடித்து, சாயங்காலம் மறைந்துபோகிற தாளன்று அது. செல்வமும் செல்வாக்கும் வாய்ந்த பேரேடு! அந்த ஏட்டின் மூன்றாண்டு இதழ்களை, 1917 மார்ச் முதல் 1920 மார்ச் வரை, ஒன்று விடாமல் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தனர் இருவர். ஒருவர் வால்டர் லிப்மன், மற்றொருவர் சார்லஸ் மெர்ஸ். இருவரும் பத்திரிகையாளர்கள். ஆயிரம் நாட்களுக்கு மேற்பட்ட ஏடுகள், தோழர்களே! நம்மிடம் நேற்றைய ஏடு இருக்கிறதா? இருக்காது, கடலை மடிக்கப் போயிருக்கும்.

அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் மிக எளிது. போல்ஷ்விக்குகள் நல்லவர்களா, கெட்டவர்களா என்ற வழக்குக்குள்ளே அவர்கள் நுழையவே இல்லை. எவரும் மறுக்க முடியாத நிகழ்ச்சிகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டனர். 1917 கோடையில் ரஷ்யப் படையெடுப்பு தோற்றது. நவம்பரில் இடைக்கால அரசு வீழ்ந்தது. 1918 மார்ச்சில் ஜெர்மனியோடு உடன்படிக்கை ஏற்பட்டது. போல்ஷ்விக்குகளை எதிர்த்த தளபதிகள் தோற்றனர். சோவியத் ஆட்சி நிலைத்தது. இவை நடந்தவை. இவை நடக்கு முன்பு ஏடு என்ன எழுதிற்று? அதைத்தான் பக்கத்திலே வைத்துப் பார்த்தனர்.

என்ன கண்டனர்? 1917 நவம்பர் முதல் 1919 நவம்பர் வரை, ஈராண்டுகளுக்குள், போல்ஷ்விக் ஆட்சி ஒழிந்தது அல்லது ஒழியும் தறுவாயில் இருக்கிறது என்று 91 முறை செய்தி வந்திருந்தது. தொண்ணூற்றொரு முறை! நானும் நாடகம் எழுதுகிறவன்தான். ஒரு பாத்திரத்தை இரண்டாம் காட்சியிலே சாகடித்து, ஐந்தாம் காட்சியிலே உயிரோடு நடமாடவிட்டால், கொட்டகையிலே நாற்காலி பறக்கும். அந்த ஏட்டிலே லெனின் ஒரு முறை கொல்லப்பட்டார். மூன்று முறை சிறையில் அடைக்கப்பட்டார். மும்முறை டிராட்ஸ்கியோடு தப்பி ஓடினார்! மறு வாரம் மாஸ்கோவிலே ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். நாற்காலி பறக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தனர்.

உண்மையிலே அந்த ஆட்சி எப்போது வீழ்ந்தது? 1991-ஆம் ஆண்டில்.

அந்த ஏட்டு ஆசிரியர்கள் இரகசிய அறையிலே கூடி, "இன்றைக்கு என்ன பொய் சொல்லலாம்?" என்று திட்டமிட்டனரோ என்று நினைப்பீர்கள். இல்லை! ஆய்ந்தவர்கள் சொன்ன முடிவு அதைவிட அச்சமூட்டுவது. செய்தியைத் திரித்த பெரிய சக்தி எதுவென்றால், செய்தி எழுதியவர்கள், அச்சேற்றியவர்கள் ஆகியோர் நெஞ்சிலே இருந்த ஆசையும் அச்சமும்தான் என்றனர். விழ வேண்டும் என்று விரும்பினர். ஆகவே விழுந்தது என்று எவன் சொன்னாலும் நம்பினர். கோல்சாக் முன்னேறுகிறான் என்றால் முதற் பக்கம்! 1920 பிப்ரவரியில் அதே கோல்சாக் சுட்டுக் கொல்லப்பட்டான்.

இதனாலே நட்டம் யாருக்கு? லெனினுக்கா? அவருக்கு ஒரு மயிரிழை நட்டமும் இல்லை. நட்டமெல்லாம் அந்த ஏட்டை நம்பிப் படித்த அமெரிக்கருக்கு! 1918-இல் அந்த நாட்டு இளைஞர்கள் ஆர்க்காங்கல் பனியிலும் விளாடிவாஸ்டாக் துறையிலும் துப்பாக்கியோடு இறக்கப்பட்டனர். அனுப்பியது சரியா, திரும்ப அழைக்க வேண்டுமா என்று தீர்ப்பளிக்க வேண்டிய குடிமக்களின் கையிலே இருந்த சான்று எது? நாளைக்கே விழப்போகிற ஆட்சி என்ற செய்தி!

இதைக் கேட்டு இடதுசாரித் தோழர் எவரேனும் இங்கே இருந்து பூரித்துப்போனால், அவருக்கும் ஒரு சேதி வைத்திருக்கிறேன். அதே ஏடு, அதே நாடு, ஆண்டு மட்டும் 1933. உக்ரைன் மண்ணிலே பஞ்சத்தால் மக்கள் இலட்சக்கணக்கிலே மடிந்துகொண்டிருந்தனர். காரெத் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞன் கிராமம் கிராமமாக நடந்து, கண்டதை உலகுக்குச் சொன்னான். மாஸ்கோவிலே இருந்த 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் வால்டர் டுராண்டி, மார்ச் இறுதியிலே அதை மறுத்து எழுதினார். உணவு முடை உண்டு, பட்டினிச் சாவு இல்லை என்றார்! முந்தைய ஆண்டுதான் புலிட்சர் பரிசு பெற்றிருந்தார் அவர். நடந்து பார்த்தவன் சொல் அமுங்கிற்று. பரிசு பெற்றவர் சொல் எடுபட்டது. ஒருதலைப் பட்சம் எந்தக் கட்சிக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலமல்ல.

சரி, நாம் செய்ய வேண்டுவது என்ன? பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை. கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன்தான் நானும். செய்தியைக் கையிலே எடுத்ததும், எழுதியவர் அந்த இடத்திலே இருந்தாரா என்று பாருங்கள். ரஷ்யாவின் சேதி ஸ்டாக்ஹோமிலிருந்தும் கோபன்ஹேகனிலிருந்தும் பாரிசிலிருந்தும் புறப்பட்டு வந்தது! இல்லாவிட்டால், அவருக்குச் சொன்னவர் யார், சொல்வதாலே அவருக்கு ஆதாயம் உண்டா? 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' என்று ஒரு சொல் நம் ஏடுகளிலே உலவுகிறது. அந்த வட்டாரத்திலே எத்தனை தலை? பெயர் சொல்ல முடியாத காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காரணமாவது சொல்லப்பட்டிருக்கிறதா?

வினைச்சொல்லைப் பாருங்கள், தோழர்களே! தமிழிலே சூதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். 'காவலர் அடித்தனர்' என்பது வேறு. 'தடியடி நடந்தது' என்பது வேறு. பின்னதிலே தடி இருக்கிறது, அடி இருக்கிறது, அடித்தவன் எங்கே? நமக்கு வேண்டியவர் 'விளக்கினார்', வேண்டாதவர் 'உளறினார்'. இருவர் பேச்சும் ஒன்றாகவே இருந்திருக்கும்! பெயர்களை இடம் மாற்றிப் படியுங்கள். நம்மவர் பெயர் இருக்கும் இடத்திலே மாற்றாரின் பெயரை வையுங்கள். இதே சான்றுக்கு இதே முடிவை அப்போதும் ஏற்பீர்களா? கை தயங்கினால், எடைக்கல்லிலே கோளாறு.

மாற்றார் ஏட்டுக்கு இந்தச் சோதனையெல்லாம் சுவையாக இருக்கும். நம் ஏட்டுக்கு?

ஓர் இடைத்தேர்தல். ஊர்ப் பெயர் வேண்டாம். பொதுக்கூட்டச் செய்தியை எழுதியவன் நான்தான். திடலிலே இருந்தவர் எண்ணூறு பேர்; அதிலே நூறு பேர் சுண்டல் விற்பவரைச் சுற்றி நின்றனர். 'கரை புரண்ட மக்கள் வெள்ளம்' என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே இல்லை. ஆசை எழுதிற்று, கை எழுதிற்று. அதைப் படித்த நம் இளைஞர்கள் வெற்றி உறுதி என்று பூரித்து, கடைசி மூன்று நாட்கள் வீடு வீடாகப் போவதையே விட்டுவிட்டனர். மாற்றார் ஏமாறவில்லை, அவர்கள்தாம் எண்ணிப் பார்த்தார்களே! தோற்றோம். வாக்கு எண்ணி முடிந்த இரவு, சைக்கிள் கடை வைத்திருக்கும் முதிய தோழர் ஒருவர் என் தோளிலே கை வைத்தார். மூன்று நாளாக ஒட்டிய பசை காயாத கை. "தம்பி, நீ எழுதின வெள்ளம் எந்தக் கடலுக்குப் போச்சு?" என்றார். அன்று நான் சாப்பிடவில்லை.

லிப்மனும் மெர்சும் செய்த ஆய்வு 1920 ஆகஸ்ட் 4-ஆம் நாள் 'நியூ ரிபப்ளிக்' இதழிலே இணைப்பாக வெளிவந்தது. அந்த மெர்ஸ் பின்னாளிலே என்ன ஆனார், தெரியுமா? 1938 முதல் 1961 வரை 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டின் தலையங்கப் பகுதிக்கு ஆசிரியராக அமர்ந்தார்! தன் குற்றத்தைப் பட்டியல் போட்டவனையே அந்த ஏடு அழைத்து நாற்காலி கொடுத்தது.

படிப்பகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி நம் ஏட்டைக் கடலைக் கடைக்குப் போடாதீர்கள். மாதம் மாதமாகத் தைத்து அடுக்கி வையுங்கள். மூன்று மாதத்து ஏடுகளை நானே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இதோ மேசைமேல் இருக்கின்றன. பக்கத்திலே சிவப்புப் பென்சில். ஞாயிறுதோறும் நான் எழுதுகிற கட்டுரைகளும் அதிலேதான் இருக்கின்றன. அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.