வடபுறத் திடல்

(பொன்விழா நன்றித் திருப்பலியின் முடிவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா நினைவாக ஆலயத்தின் வடபுறத் திடலில் திருமண மண்டபம் எழுப்ப வேண்டுமென்ற ஆவல் உங்களில் பலருக்கு உண்டு. மண்டபம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அத்திடல் செய்த ஊழியத்தை ஒருமுறை நினைவுகூர்ந்துவிட்டு முடிவு செய்வோம்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிறு. கடல் பொங்கி நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. வீடிழந்த கரையோரக் குடும்பங்கள் நம் திடலையொட்டித் தார் ஷீட் கொட்டகைகளில் தங்கியதை மூத்தோர் அறிவர். அப்போது இங்கே உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த நாமும் பங்கு இளைஞரும் ஒரு தவறு செய்தோம். நன்கொடையாளர் ஒருவர் பிள்ளைகளுக்கென்று இரும்புச் சறுக்கும் ஊஞ்சலும் அனுப்பியிருந்தார். அவற்றைச் சாலையோரம் வெட்டவெளியில் நட்டுவிட்டோம். காலை 10 மணிக்கெல்லாம் இரும்பு கொதித்தது. தாய்மாரின் கண்ணுக்கு எட்டாத இடம் வேறு. மாலையில் பெரிய பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். பெண்பிள்ளைகள் எட்டியும் பார்க்கவில்லை.

பிள்ளைகள் விளையாடியதோ குடிநீர்த் தொட்டியருகே, ஈர மணலில். வீடு கட்டுவார்கள். ஒருவன் "கடல் வருது!" என்று கத்துவான். எல்லாரும் ஓடுவார்கள், திரும்பி வந்து வீட்டை மிதித்து அழிப்பார்கள், மறுபடியும் கட்டுவார்கள். அபசகுனம் என்று பெரியவர்கள் அதட்டினார்கள். குருவானவர்களாகிய நாமும் அதட்டினோம்! தண்ணீர் பிடிக்க வந்த ஒரு தாய்தான் தடுத்தார்: "விடுங்க சாமி, இப்படி ஆடுன அன்னிக்குத்தான் ராத்திரி அழாமத் தூங்குறான்." வாயால் சொல்ல முடியாத அச்சத்தைக் குழந்தை கையாலும் காலாலும் சொல்லித் தீர்க்கிறது என்பதை எந்தக் குருமடத்திலும் நாம் கற்கவில்லை.

பிறகு தொட்டியருகிலேயே கீற்றுப் பந்தல் போட்டோம். மணல் கொட்டினோம். கிழிந்த வலை, உடைந்த கட்டுமரத் துண்டுகள், கொட்டாங்கச்சி, கயிறு, இவைதான் விளையாட்டுச் சாமான்கள். சிறுபிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பக்கத்தைத் தட்டி வைத்துப் பிரித்தோம். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் தாய்மாரே காவல்.

இது புதுமையன்று. 1943இல், டென்மார்க் ஜெர்மானியர் பிடியில் இருந்த நாளில், கோப்பன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர் கழிபொருள்களைக் கொண்டே பிள்ளைகளுக்கு ஒரு திடல் அமைத்தார். 1946இல் அதைக் கண்ட ஆலன் சீமாட்டி, குண்டுவீச்சில் இடிந்த இங்கிலாந்து மனைகளில் அத்தகைய திடல்கள் உண்டாகப் பாடுபட்டார். சிறையிருப்பிலிருந்து மீண்ட மக்களுக்கு இறைவாக்கினர் செக்கரியா காட்டிய எருசலேமிலும் விளையாடும் பிள்ளைகளுக்குத் தெருவில் இடமிருந்ததே.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, நம் பள்ளியில் குடும்பங்கள் வந்து தங்கியபோது, மூன்றாம் நாளே அதே திடலில் பந்தல் எழுந்தது. யாரும் சொல்லவில்லை. அதைப் போட்ட இளைஞர்கள், 2005இல் அதே மணலில் வீடு கட்டி அழித்த சிறுவர்கள்.

மண்டபத்தின் வரைபடத்தைப் பார்த்தோம். திடலில் 10 அடிகூட மிஞ்சவில்லை; தொட்டியையும் இடிக்க வேண்டியிருக்கிறது. வரும் ஞாயிறு பங்குப் பேரவை கூடுகிறது. மண்டபத்தைத் தெற்கே, பள்ளிப் பக்கமாகத் தள்ளிக் கட்ட முடியுமா என்று அங்கே கேட்க இருக்கிறோம். தாய்மாரும் வந்து பேசுங்கள்.