சொல்லும் அதன் துணையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஜெர்மன் மொழிப் பெயர்ச்சொற்களின் பால் பாகுபாட்டைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்தனர். விழா மேடையில் இலக்கணமா என்று சிலர் எண்ணலாம். ஆயினும், இந்நாட்டிற்குப் பிழைக்க வந்த நம்மில் பலர் நாள்தோறும் இடறும் கல் இதுவே. ஆதலின் பேசத் துணிந்தோம்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்துப் பெருமாட்டியைச் சேர்ந்தவர்கள். தமிழக எல்லையை ஒட்டிய ஊர் அது. எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். செவிலியர் தொழில் கற்று இங்கு வந்தோம். கேரளத்துச் செவிலியர் இந்நாட்டிற்கு வருவது 1960-களிலேயே தொடங்கியது. 2021-இல் கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் ஜெர்மன் கூட்டரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்த பின்னர் அவ்வழி மேலும் அகன்றது. எனினும் வாயிலில் மொழித் தேர்வு நிற்கின்றது.

தேர்வில் வென்றோம், வாழ்வில் இடறினோம். முதல் வாரத்தில் நிகழ்ந்ததை மறைக்காமல் சொல்கிறோம். பணி மாறும் வேளையில் இரவுச் செவிலியர் ஒரு முதியவரைக் காட்டி, “டெர் ஃபெர்பாண்ட் இஸ்ட் நாஸ், எர் முஸ் கெவெக்ஸெல்ட் வெர்டன்” என்றார். ‘கட்டு நனைந்துள்ளது, அதை மாற்ற வேண்டும்’ என்பது பொருள். ‘எர்’ என்றால் ‘அவன்’ என்று படித்திருந்த நாங்கள், அம்முதியவரைத்தான் வேறு அறைக்கு மாற்றச் சொல்கிறார்கள் என்று கருதிக் கட்டிலை நகர்த்தத் தொடங்கினோம். சிலர் சிரித்தனர், ஒருவர் சினந்தார். நனைந்த கட்டோ மேலும் அரை மணி நேரம் புண்ணின் மேலேயே கிடந்தது. அந்தச் சிரிப்பை மறந்துவிட்டோம். அந்த அரை மணி நேரத்தை மறக்கவில்லை.

பிழை எங்கே பிறந்தது? தமிழில் ‘அவன்’ என்றால் ஆள்தான், பொருள் ஆகாது. மக்களை உயர்திணை என்றும் பிறவற்றை அஃறிணை என்றும் பகுத்தார் தொல்காப்பியர். நம் பாகுபாடு பொருளை நோக்கியது. ஜெர்மன் மொழியின் பாகுபாடோ பெரிதும் சொல்லை நோக்கியது. அங்கே கரண்டி ஆண்பால், ‘டெர் லோஃபல்’. முள்கரண்டி பெண்பால், ‘டீ காபல்’. கத்தி இரண்டுமல்லாத பொதுப்பால், ‘டாஸ் மெஸ்ஸர்’. ஞாயிறு பெண்பால், திங்கள் ஆண்பால். சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ பொதுப்பால்!

இது விந்தை என்று நகைப்பதற்கு முன் நம் வீட்டையும் நோக்குவோம். ‘குழந்தை அழுதது’ என்கிறோமே, குழந்தை மக்களுள் ஒன்றன்றோ? ‘சூரியன் உதித்தான்’ என்றும் ‘ஞாயிறு எழுந்தது’ என்றும் சொல்கிறோமே, வானில் இருப்பது ஒன்றன்றோ? ஞாயிறு, திங்கள், உலகம், உயிர் முதலிய சொற்கள் அஃறிணை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியரே தனி விதி வகுத்துள்ளார். ஆகவே, சொல் தன் போக்கில் செல்வதும் உண்டு என்பது நமக்குப் புதிதன்று.

எல்லையில் வளர்ந்த எங்களுக்கு மற்றொன்றும் தெரியும். தமிழில் ‘வந்தான், வந்தாள், வந்தது’ என்று வினைமுற்று பால் காட்டும். மலையாளத்திலோ அவனும் அவளும் அதுவும் ‘வந்நு’தான். வீட்டில் ஒரு முறை, பள்ளியில் ஒரு முறை என்று பிள்ளைப் பருவத்திலேயே பழகினோம். ஏன் என்று கேட்டோமில்லை. ஒவ்வொரு மொழியும் பாலை ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கின்றது. ஜெர்மன் மொழி அதனைப் பெயருக்கு முன் நிற்கும் துணைச்சொல்லில் வைத்திருக்கின்றது, அவ்வளவே.

அத்துணைச்சொல் அணிகலன் அன்று. நம் மொழியில் வேற்றுமையுருபு பெயரின் இறுதியில் சேரும். அங்கே பெரும்பாலும் முன்னிற்கும் துணைச்சொல்லே உருமாறும். ‘டெர் ஆர்ட்ஸ்ட்’ என்றால் மருத்துவர். ‘டென் ஆர்ட்ஸ்ட்’ என்றால் மருத்துவரை. பால் அறியாதவர்க்கு வேற்றுமையும் கைகூடாது.

கற்கும் வழி என்ன? நாங்கள் கண்டவை மூன்று. முதலாவது, பெயரைத் தனியே மனப்பாடம் செய்யாதீர்கள். துணையோடு சேர்த்தே ஒரே மூச்சில் சொல்லுங்கள். இரண்டாவது, ஈற்றை நோக்குங்கள். ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’ என்னும் விகுதி பெற்றவை பெண்பால். சிறுமை குறிக்கும் ‘ஷென்’, ‘லைன்’ பெற்றவை பொதுப்பால். ‘மேட்ஷென்’ பொதுப்பால் ஆனது இவ்விகுதியால்தான். மூன்றாவது, தொகைச் சொல்லில் கடைசிச் சொல்லின் பாலே முழுச் சொல்லின் பால். மருத்துவமனை ‘டாஸ் கிராங்கன்ஹவுஸ்’. நோயாளர் ஊர்தி ‘டெர் கிராங்கன்வாகன்’. செவிலி ‘டீ கிராங்கன்ஷ்வெஸ்டர்’. முதற்சொல் ஒன்றே, முடிவுச் சொல்லால் துணை மாறுகின்றது.

இவற்றிற்கு மேலாக வேண்டுவது நாணம் விடுதல். 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க், பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் நம் எழுத்தை எழுதிப் பழகினார். பத்தே ஆண்டுகளில், 1716-இல், அவர் இயற்றிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சேறியது. அவர் நம் மணலில் அமர்ந்தார். நாம் அவர் நாட்டுப் பலகையின்முன் அமர நாணுவதா?

நம்முள் பிழைக்கு அஞ்சியே வாய் திறவாத தாய்மார் பலர் உள்ளனர். கடையிலும் பள்ளி வாயிலிலும் பிள்ளைகளைப் பேசவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கின்றனர். பிழையாகப் பேசுபவர் நாளை திருந்துவார். பேசாதவர் என்றும் பின்னிற்பார். ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: சனிக்கிழமை மாலைதோறும் ஒரு மணி நேரம், முன்வந்தோர் பின்வந்தோருடன் அமர்ந்து பேசிப் பழக்குக. அங்கே ஒரே விதி போதும்: திருத்தலாம், நகைத்தல் கூடாது.

பெயருக்கு ஒரு துணை வேண்டும் என்கிறது ஜெர்மன் மொழி. புலம்பெயர்ந்தோர்க்கும் அப்படியே. அத்துணையாக நம் சங்கம் விளங்குக. வாழ்க தமிழ்!