பறைக்கு ஊர் வைத்த பெயரும் நாம் கேட்கும் பெயரும்



பறைக்கலைஞர் ஒருவரின் நினைவாகத் துவாக்குடியில் கூடியிருக்கிறோம். அதனால், ஒடுக்கப்பட்டவரின் இசை பெரிய மேடைக்குப் போகும்போது அவர் பெயரும் கூடப் போகிறதா என்று கேட்க விரும்புகிறேன்.

கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்த யூதர் லியோனார்ட் கோஹன். யூதர்கள் நோன்பு நாளில் ஓதும் பழைய வேண்டுதல் ஒன்றிலிருந்து, 1974இல் ‘ஹூ பை ஃபயர்’ என்ற பாட்டை உருவாக்கினார். 2016இல் சாவதற்குச் சில நாட்களுக்கு முன் வந்த ஆல்பத்தில், தன் குடும்பத்தின் தொழுகைக்கூடப் பாடகர் குழுவையே பாட வைத்தார். ஓதுவார் கிடியன் செலர்மையரின் பெயரும் ஆல்பத்தில் இருந்தது.

யூதர்கள் இன அழிப்பையே கண்டவர்கள். ஆனாலும் அந்த ஓதுதல் அவர்களே விரும்பிக் காத்த சொத்து. பறையின் கதை வேறு. சாவு வீட்டில் அடித்தே ஆகவேண்டும் என்று ஊர் நம்மீது சுமத்தியது. அடிக்க மறுத்தவர்கள் அடிபட்டார்கள். அதனால்தான் ‘பறையைத் தூக்கி எறி’ என்றது நம் இயக்கத்தின் ஒரு தலைமுறை. அவர்கள் எறிந்தது இசையை அல்ல, இழிவை. ‘பறை நம் கலை’ என்று கையில் எடுத்திருக்கும் இன்றைய தலைமுறை இதை மறக்கக்கூடாது.

2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்த்த குழு அது. பண்டிதர் அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லே அதன் பெயர். கிட்டாரும் டிரம்ஸும் கானாவோடும் பறையோடும் ஒரே மேடையில் நின்றன. கானா பாடிய இசைவாணியை ஊரே பெயர் சொல்லி அழைத்தது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவை போதுமா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா அழைப்பிதழில் கீபோர்டு வாசித்தவருக்குப் பெயர் இருந்தது. பறை அடித்த ஆறு பேருக்கு ‘பறைக்குழு’ என்ற ஒரே சொல்தான். பந்தியில் அவர்கள் கடைசியில் உட்கார்ந்தார்கள். அன்று நானும் கைதட்டிவிட்டு வீடு திரும்பினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மாணவத் தோழர்களே, உங்கள் விழாவுக்குப் பறை அழைத்தால் மூன்று காரியம் செய்யுங்கள். அழைப்பிதழில் ஒவ்வொருவர் பெயரையும் அச்சிடுங்கள். மற்றக் கலைஞருக்குத் தரும் அதே சம்பளம் கொடுங்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் பறை முழங்கினாலும் சாதி அசையாது.