மாமைக் கவின்



மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த முத்துகளை வணிகர் பித்தளைச் சல்லடைகளில் இட்டுப் பருமன் பிரித்தனர். பின்னர் உருட்சியும் ஒளியும் நோக்கி விலை வைத்தனர். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் நிறம், உயரம், பருமன் என்னும் சல்லடைக் கண்களில் பெண்மக்கள் இன்றும் சலிக்கப்படுகின்றனர்.

கறுத்த மேனியைக் குறையெனக் கேட்டு வளர்ந்த இளம்பெண் கண்ணாடியை அஞ்சுகிறாள். முதற்காதல் வருங்கால், அவன் ஒரு சொல் புகழ்ந்தால் அம்முகமே அவளுக்கு இனிதாகிறது. அவன் விலகினால் பழைய வெறுப்பு மீள்கிறது. 1975-இல் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. பெண்ணின் ஐயம் அவ்வளவு எளிதில் மாறவில்லை.

இவ்வையத்திற்குத் தமிழில் ஒரு பழைய விடை உண்டு. சங்கப் புலவர் பெண்ணின் நிறத்தை மாமை என்றனர். மாந்தளிரின் நிறம் என்பது உரையாசிரியர் தரும் விளக்கம். கொற்கை முத்து அவள் பல்லுக்கே உவமையாயிற்று. ஐங்குறுநூற்று நெய்தற் பாட்டு (185) அதற்குச் சான்று. முத்தின் வெண்மையை அவள் மேனியில் எவரும் தேடவில்லை.

எனினும் அவை பெரும்பாலும் காண்பவன் கூற்றுகள். பெண்ணே தன் மேனியைப் பேசுவதைக் குறுந்தொகை 27-இல் கேட்கிறோம். பாடியவர் வெள்ளிவீதியார். பிரிவால் பசலை படர்ந்த தலைவி, கன்றும் உண்ணாது, கறக்கும் கலத்திலும் சேராது, மண்ணில் சிந்திய பாலைத் தன் அழகுக்கு ஒப்பிடுகிறாள். அவ்வழகு தனக்கும் ஆகவில்லை, தலைவனுக்கும் உதவவில்லை என்பது அவள் துயரம். இவ்வரிசை எண்ணத்தக்கது. தனக்கு என்பது முன்னும், தலைவனுக்கு என்பது பின்னும் நிற்கின்றன.

அவள் துயர் கடந்தவள் அல்லள். காதல் அவளை வாட்டுகிறது. எனினும் மாமை அவன் தந்ததன்று, அவன் வருமுன்னரே அவளுடையது என்பதை அவள் மறக்கவில்லை. தன்னை ஏற்றல் என்று இன்று பேசப்படுவதன் தொடக்கம் இதுவே.

ஆகவே கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பால்நிற மேனியையும் கொடியிடையையும் பழக்கத்தால் எழுதும்போது, அப்பாட்டைப் படிக்கும் கடற்கரைப் பெண்ணொருத்தி அதில் தன்னைத் தேடிக் காணாது போவாள் என்பதை நினைக்க வேண்டும். அவளுக்குரிய சொல் மாமை. அது அகராதியில் உறங்காமல் புதுக்கவிதைக்குள்ளும் வரட்டும்.